விறகடுப்புக்கு ஏற்ற கம்பித்தட்டு

எரிவாயு உருளை சிற்றூர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. ஆயினும் உழவர் வீட்டுக் கொல்லையில் விறகடுப்பு அணைந்தபாடில்லை. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவித்தல், உறவினர் கூடும் நாளில் பெரிய பானைச் சோறு ஆகியவற்றுக்கு இன்றும் விறகைத்தான் நாடுகிறோம். உருளைக்குப் பணம் புரட்ட முடியாத மாதங்களில் மூன்று வேளைச் சமையலும் அதில்தான்.

வேலிக்கருவை, பருத்திக் குச்சி, துவரைக் குச்சி, தென்னை மட்டை ஆகியவை நம் நிலத்திலேயே கிடைப்பதால் விறகுக்குச் செலவில்லை என்று எண்ணுகிறோம். வெட்டும் கூலி, சுமக்கும் உழைப்பு, அடுப்படியில் புகையைக் குடிக்கும் பெண்களின் கண்ணும் நுரையீரலும் ஆகிய யாவும் செலவுக் கணக்கில் சேர வேண்டியவையே. இந்தச் செலவைக் குறைக்க, 2 கிலோவுக்கும் குறைவான இரும்பில் செய்யக்கூடிய கம்பித்தட்டு ஒன்றின் அமைப்பையும், அதைப் பொருத்தும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம். பட்டறைகளில் இதைக் ‘கிரேட்’ என்பார்கள்.

குமுட்டி அடுப்பு சொல்லும் பாடம்

கம்பித்தட்டு நமக்குப் புதிதன்று. கரி போட்டு எரிக்கும் குமுட்டி அடுப்பில், கரி ஒரு தட்டின் மேல் இருக்கும். அடியில் காற்று நுழையும் வாய் இருக்கும். நன்றாக எரிந்த குமுட்டியில் கடைசியில் மிஞ்சுவது வெளிறிய சாம்பல் மட்டுமே. ஆனால் விறகடுப்பில் சமையல் முடிந்து பார்த்தால், சாம்பலுக்குள் கருங்கரித் துண்டுகள் புதைந்து கிடக்கின்றன. இந்த வேறுபாட்டிற்குக் காரணம் காற்று வரும் வழியே.

விறகை நெருப்பில் வைத்ததும் முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பின்னர் விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல், எரியக்கூடிய ஆவிகளாகப் பிரிந்து வெளிவருகிறது. நாம் காணும் சுடர் இந்த ஆவிகள் எரிவதுதான். இவை எரியாமல் தப்பினால் அதுவே புகை. இறுதியில் எஞ்சுவது கரி. கரியின் எடை விறகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் விறகிலுள்ள வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கரியில் அடங்கியுள்ளது. கரியைச் சாம்பலில் புதையவிடுவது இந்த வெப்பத்தைப் புதைப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு கிலோ காய்ந்த விறகு முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 5 கன மீட்டர், அதாவது 5,000 லிட்டர் காற்று தேவை. தரையில் கிடக்கும் கரிக்கு மேற்பக்கம் மட்டுமே காற்றுப் படுகிறது. அதனால்தான் ஊதாங்குழலை எடுத்து அடிக்கடி ஊத வேண்டியிருக்கிறது. விறகைக் கம்பித்தட்டின் மேல் வைத்தால், கீழிருந்து வரும் காற்று தணலின் ஊடே புகுந்து மேலே செல்கிறது. கரி எரிகிறது, சாம்பல் கீழே உதிர்கிறது, போகும் வழியில் காற்றும் சூடேறுகிறது. ஊதும் வேலை பெருமளவு குறைகிறது.

‘விறகை முழுங்குகிறதே!’

இவ்வளவு நன்மை இருந்தும், கம்பித்தட்டு வைத்த பல வீடுகளில் சில வாரங்களிலேயே அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இதற்கு என் வீடே சான்று. சில ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் கம்பிகளை நெருக்கி வைத்து, இரு முனைகளிலும் பற்றவைத்த தட்டு ஒன்றைச் செய்துகொண்டுபோய், ஊரில் எங்கள் வீட்டு அடுப்பில் இரண்டு செங்கல்லின் மேல் வைத்தேன். முதல் நாள் தீ கொழுந்துவிட்டு எரிந்தது. மறுவாரம் என் தாயார், “உன் இரும்பு விறகை முழுங்குதப்பா. பானை அடியெல்லாம் ஒரே கரி” என்றார். மூன்று மாதத்தில் தட்டு நடுவில் தொய்ந்து கிண்ணம்போல் ஆகிவிட்டது.

அவர் சொன்ன இரண்டு குறைகளும் உண்மையே. தட்டு வைத்ததும் காற்று மிகுந்து தீ வேகமாகிறது. முன்பு போலவே அடுப்பு வாய் நிறைய விறகைத் திணித்தால், அத்தனையும் விரைவில் எரிந்துபோகும். பானை ஏற்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட வெப்பம் வீணே வெளியேறும். மேலும், நான் அடுப்பின் உயரத்தை மாற்றாமல் தட்டை மட்டும் உயர்த்தினேன். அதனால் பானையின் அடி தணலுக்கு மிக அருகில் வந்துவிட்டது. சுடர் எரிந்து முடியும் முன்பே குளிர்ந்த பானையில் மோதினால் புகைக்கரிதான் படியும். ஆகவே, தட்டை மட்டும் வாங்கி வைப்பது போதாது. கம்பி இடைவெளி, அடியில் காற்று வழி, பானைக்கும் தட்டுக்கும் உள்ள உயரம் ஆகிய மூன்று அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

கம்பிகள் ஏன் தொய்கின்றன?

இரும்பு சூடேறினால் நீளும். 22 செ.மீ. நீளமுள்ள கம்பி 600 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 2 மி.மீ. நீள்கிறது. இரு முனைகளையும் பற்றவைத்துவிட்டால் நீள இடமின்றிக் கம்பி வளைகிறது. ஒருமுறை வளைந்தது ஆறிய பிறகும் நிமிர்வதில்லை. எனவே கம்பிகளைப் பற்றவைக்காமல் தளர்வாக வைப்பதே முறை.

இரண்டாவது காரணம் சாம்பல். கீழிருந்து வரும் காற்றுதான் கம்பியைக் குளிர்விக்கிறது. அடியிலுள்ள சாம்பல் கம்பியைத் தொடுமளவு நிறைந்துவிட்டால், காற்று நின்று கம்பி பழுக்கக் காய்ந்து தொய்கிறது. நல்ல தட்டு கெடுவது பெரும்பாலும் சாம்பலை அள்ளாததால்தான்.

மைய அரசு 1983 டிசம்பரில் தொடங்கி 2002 வரை நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில், நாடு முழுவதும் கோடிக்கணக்கான அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றில் பல, பழுது பார்ப்பார் இன்றிக் கைவிடப்பட்டன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா’ குழுவினர் உருவாக்கிய மூன்று பானை அடுப்பிலும் கம்பித்தட்டு ஒரு முக்கிய உறுப்பாகும். எவ்வளவு நல்ல அமைப்பாயினும், வீட்டிலேயே பழுது பார்க்க முடிந்தால்தான் நிலைக்கும் என்பதே அந்த அனுபவம் தரும் படிப்பினை. கீழ்க்காணும் தட்டில் ஒரு கம்பி கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தேவையான பொருள்கள்

1. 10 மி.மீ. கனமுள்ள சதுர இரும்புக் கம்பி, 22 செ.மீ. நீளத்தில் 8 துண்டுகள். கடையில் ‘ஸ்கொயர் ராடு’ என்று கேட்டால் கிடைக்கும்.

2. 25 மி.மீ. அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள இரும்பு ஆங்கிள், 24 செ.மீ. நீளத்தில் 2 துண்டுகள்.

3. காற்று வாயை மூடித் திறக்க, 17 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உள்ள தகரத் துண்டு ஒன்று.

4. செங்கல், களிமண், மணல், நறுக்கிய வைக்கோல்.

துத்தநாகப் பூச்சுள்ள கம்பியையோ குழாயையோ பயன்படுத்தக்கூடாது. மிகுந்த சூட்டில் அப்பூச்சு நச்சுப் புகையாக வெளிவரும். வார்ப்பிரும்புத் தட்டு கிடைத்தால் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அது சூடாக இருக்கும்போது தண்ணீர் தெளித்தால் விரிசல் காணும்.

தட்டு செய்யும் முறை

ஆங்கிளின் ஒரு பக்கம் தரையைப் பார்த்தும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். செங்குத்துப் பக்கத்தின் மேல் விளிம்பில், கூரை ஓட்டைக் கவிழ்த்தாற்போன்ற முக்கோண வெட்டுகள் எட்டு இட வேண்டும். ஒவ்வொரு வெட்டும் 5 மி.மீ. ஆழமும், மேலே 10 மி.மீ. அகலமும் இருக்கட்டும். ஒரு வெட்டின் நடுவிலிருந்து அடுத்த வெட்டின் நடு வரை 22 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு ஆங்கிள்களிலும் வெட்டுகள் நேருக்கு நேர் அமைய வேண்டும். இரும்பறுக்கும் வாளும் அரமும் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம்.

இவ்வெட்டுகளில் சதுரக் கம்பிகளை, தட்டையான பக்கம் மேலே வராமல், முனை மேலே வரும்படி வைக்க வேண்டும். இத்தட்டின் சிறப்பே இதுதான். முனை மேலிருப்பதால் இரு கம்பிகளுக்கு இடையே புனல் போன்ற வழி அமைகிறது. சாம்பல் அதன் சரிவில் வழுகி இறங்கும். இடைவெளியின் நடுப்பகுதி மட்டும் 8 மி.மீ. அளவுக்குக் குறுகி, அதற்குக் கீழே மறுபடியும் விரிகிறது. ஆகவே குறுகிய இடத்தைத் தாண்டிய சாம்பல் சிக்காமல் கீழே விழுந்துவிடும். துளையிட்ட தகட்டிலோ, தட்டையாக அடுக்கிய பட்டைகளிலோ இந்த வசதி இல்லை. அவற்றில் துண்டுக் கரி அடைத்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்தால், ஒரே பக்கம் அரித்துப்போகாமல் நெடுநாள் உழைக்கும்.

அடுப்பில் பொருத்துதல்

25 முதல் 30 செ.மீ. அகலமுள்ள பானைக்கு ஏற்ற அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன.

இரண்டு செங்கற்களை 18 செ.மீ. இடைவெளியில், முன்னும் பின்னுமாக நீளவாக்கில், பக்கவாட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். அவற்றின் உயரம் சுமார் 11 செ.மீ. வரும். பின்பக்கத்தைச் செங்கல்லால் அடைத்துவிட வேண்டும். உட்பக்கம் மண் பூசிய பின் அகலம் 17 செ.மீ. இருக்கும். இதுவே சாம்பல் குழி. ஆங்கிள்களை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, 20 செ.மீ. இடைவெளியில் செங்கற்களின் மேல் குறுக்கே வைத்து, அவற்றின் மேல் கம்பிகளை முன்னிருந்து பின்னாக அடுக்க வேண்டும். கம்பியின் பின் முனைக்கும் சுவருக்கும் இடையே 5 மி.மீ. விட வேண்டும்.

கம்பிகளின் இடைவெளிகளையெல்லாம் கூட்டினால் சுமார் 112 சதுர செ.மீ. ஆகிறது. கீழேயுள்ள காற்று வாய் எப்போதும் இதைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. 17 செ.மீ. அகலமும் 11 செ.மீ. உயரமும் உள்ள நம் காற்று வாயின் பரப்பு 187 சதுர செ.மீ.; எனவே போதுமானது. ஆனால் 5 செ.மீ. உயரத்திற்குச் சாம்பல் நிறைந்துவிட்டால் இது 102 சதுர செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஆகவே சாம்பல் 4 செ.மீ. ஆகும்போதே அள்ளிவிட வேண்டும்.

கம்பியின் மேல் முனையிலிருந்து பானையின் அடி வரை 15 செ.மீ. இருக்க வேண்டும். பானை அகலத்தில் பாதி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இக்கணக்கின்படி அடுப்பின் மொத்த உயரம் தரையிலிருந்து சுமார் 28 செ.மீ. வரும். இருக்கும் அடுப்பு இதைவிடத் தாழ்வாக இருந்தால், ஒன்று சுவரை உயர்த்த வேண்டும். அல்லது சாம்பல் குழியைத் தரைக்குள் தோண்டி, முன்பக்கம் சரிவாக வழி விட வேண்டும். நான் தவறியது இந்த இடத்தில்தான்.

விறகு வைக்கும் வாய் தட்டுக்கு மேலே 15 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் இருந்தால் போதும். பானையைத் தாங்கும் மூன்று குமிழ்களும் சுண்டுவிரல் கனத்திற்கு மேல் உயர வேண்டாம். குமிழ் உயரமாக இருந்தால் அந்த வழியே சூடு வீணாகிறது. குமிழே இல்லாமல் பானை அடுப்பில் அழுந்தினால், தீ வெளியேற வழியின்றி வாய்ப்பக்கம் புகையும்.

கொடியடுப்பாயின் தட்டைப் பெரிய அடுப்பில் மட்டும் வைத்தால் போதும். களிமண் ஒரு பங்கும் மணல் ஒரு பங்கும் வைக்கோலுடன் சேர்த்துப் பிசைந்து, பூசிய பின் நிழலில் நன்கு காயவைத்த பிறகே தீ மூட்ட வேண்டும்.

எரிக்கும் முறை

தட்டு வைத்த அடுப்புக்கு எரிக்கும் பழக்கத்தையும் சிறிது மாற்ற வேண்டும். அடுப்பு எரிப்பவர் எவரோ அவரிடம் இதை விளக்கி, அவர் சொல்லும் குறைகளையும் கேட்டுக்கொள்வது இன்றியமையாதது.

விறகைக் கட்டைவிரலின் இரு மடங்கு கனத்திற்குப் பிளந்து, ஒரு நேரத்தில் இரண்டு அல்லது மூன்று மட்டுமே வைக்க வேண்டும். வாயின் கீழ்ப்பாதிக்கு மேல் விறகு இருக்கக்கூடாது. மேற்பாதி வழியே செல்லும் காற்றுதான் சுடரை எரித்துப் புகையைக் குறைக்கிறது. எரியும் முனை தட்டின் நடுவில் இருக்குமாறு விறகை அவ்வப்போது உள்ளே தள்ளி வர வேண்டும்.

உலை கொதிக்கும் வரை காற்று வாயைத் திறந்து வைக்க வேண்டும். கொதித்ததும் தகரத் துண்டால் மூன்றில் இரண்டு பங்கை மூடிவிட்டு, ஒரு விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். தட்டில் உள்ள தணலிலேயே சோறு வெந்துவிடும். விறகு மிச்சமாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். தகரத் துண்டைப் பயன்படுத்தாத வீட்டில் கம்பித்தட்டு விறகை முழுங்கத்தான் செய்யும்.

பச்சை விறகில் எடையில் பாதியளவு தண்ணீரே இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் செலவாகும். எனவே வெட்டிய விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கிக் காயவைத்தே பயன்படுத்த வேண்டும்.

பருத்திக் குச்சி, துவரைக் குச்சி போன்றவற்றின் கரி சிறு துண்டுகளாக உதிரும். இவற்றையே மிகுதியாக எரிப்பவர்கள், வெட்டுகளின் இடைவெளியை 22 மி.மீ. என்பதற்குப் பதில் 20 மி.மீ. ஆக்கினால், கம்பி இடைவெளி 6 மி.மீ. ஆகும், அப்போது அதே அகலத்திற்கு 9 கம்பிகள் தேவைப்படும். நெல் உமிக்கும் மரத்தூளுக்கும் இத்தட்டு ஏற்றதன்று. அவை கம்பி வழியே கொட்டிவிடும்.

சோதித்துப் பாருங்கள்

தட்டு பயன் தருகிறதா என்பதை நீங்களே அளந்து அறியலாம். ஒரே பானையில் 5 லிட்டர் தண்ணீரை மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள். எரிப்பதற்கு முன் விறகை நிறுத்துக்கொள்ளுங்கள். கொதி வந்ததும் எஞ்சிய விறகை அணைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். பழைய அடுப்பில் மூன்று முறையும், புதிய அடுப்பில் மூன்று முறையும் செய்து சராசரி காணுங்கள். விறகு ஒரே வகையாக இருக்கட்டும்.

27 டிகிரியில் உள்ள 5 லிட்டர் தண்ணீர் கொதிக்க 365 கிலோ கலோரி போதும். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி தரும். எனவே வெப்பம் முழுவதும் பானைக்குள் சென்றால் சுமார் 100 கிராம் விறகே போதுமானது! நீங்கள் செலவிட்டது ஒரு கிலோவாக இருந்தால், பத்தில் ஒன்பது பங்கு வெப்பம் வீணாகியிருக்கிறது. அதை அரைக் கிலோவாகக் குறைக்க முடிந்தால், வெட்டிச் சுமக்கும் விறகில் பாதி குறைந்துவிடும். குறையவில்லை எனில் காற்று வாய், பானை உயரம், குமிழின் உயரம் ஆகியவற்றை மீண்டும் அளந்து பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

தட்டின் வழியே தணல் துண்டுகள் விழும். எனவே அடுப்பு வாய்க்கு முன்னால் ஓலை, சுள்ளி, சேலைத் தலைப்பு ஆகியவை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

சாம்பலை நன்கு ஆறிய பிறகே அள்ள வேண்டும். கூரை ஓரத்திலோ வைக்கோற்போர் அருகிலோ கொட்டக்கூடாது. ஆறிய விறகுச் சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளதால், எருக்குழிக்கும் காய்கறிப் பாத்திக்கும் இடலாம். யூரியா, அம்மோனியம் சல்பேட் ஆகியவற்றுடன் கலந்து இடக்கூடாது. தழைச்சத்து அம்மோனியா வாயுவாக வீணாகும். களர் நிலத்தில் சாம்பல் இடுவதைத் தவிர்க்கவும்.

கம்பித்தட்டு புகையைக் குறைக்குமேயன்றி அறவே போக்கிவிடாது. அடுப்படியில் எதிரெதிராக இரு திறப்புகள் இருக்க வேண்டும். இயன்றால் புகைபோக்கியும் வைக்க வேண்டும். அணையாத தணலைக் குமுட்டியிலோ சட்டியிலோ எடுத்துச் சென்று, கதவடைத்த அறையில் குளிருக்காக வைத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, தூங்குபவர் அறியாமலேயே உயிரைப் பறித்துவிடும்.

என் வீட்டு அடுப்பில் இப்போது இருப்பது தளர்வான எட்டுக் கம்பிகள். என் தாயார் ஊதாங்குழலைப் பரண்மேல் வைத்துவிட்டார். தகரத் துண்டு மட்டும் அடுப்பின் அருகிலேயே எப்போதும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அறுவடை முடிந்து ஓய்வாக உள்ள நாட்களில் உழவர் பெருமக்கள் அரை நாள் ஒதுக்கி, தம் வீட்டு அடுப்பை முதலில் அளந்து பார்த்து, பிறகு இத்தட்டைச் செய்து பொருத்திப் பயன் பெறலாம்.